பிறக்கும் முன்பே குற்றவாளி!

பேனா ஒன்று காணாமற் போயிற்று. பொன்னாரம் அல்ல, மணிமுடியும் அல்ல. மாணவன் ஒருவனுக்கு அவன் மாமன் வாங்கித் தந்த பேனா. "ஐயா, பேனாவைக் காணோம்" என்று அவன் அழுதான். வகுப்பிலே நாற்பது பிள்ளைகள். எவரும் எவர் மீதும் பழி சுமத்தவில்லை. ஆனால், சொல்லி வைத்தாற்போல, முப்பத்தொன்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. கடைசி வரிசையில் சன்னலோரம் அமர்ந்திருந்த ஒரு சிறுவனின் பக்கம்!

அவன் அழவில்லை, சினக்கவுமில்லை. எழுந்து நின்றான். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். பையை விரித்து, ஏடுகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டினான். காட்டு என்று எவரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது! பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடம் கற்பித்தது?

பேனா பிறகு கிடைத்தது. என் மேசை மீதே, வருகைப் பதிவேட்டுக்கு அடியிலேயே கிடந்தது. பிள்ளைகள் சிரித்தனர், பாடம் தொடர்ந்தது. என் மனம் மட்டும் பாடத்துக்குத் திரும்பவில்லை. சொல்ல வெட்கமாயிருக்கிறது, தோழர்களே! அன்று திரும்பியவை முப்பத்தொன்பது தலைகள் அல்ல. என் தலையையும் சேர்த்தால் நாற்பது.

அந்தச் சிறுவனின் சான்றிதழிலே 'சீர்மரபினர்' என்று எழுதியிருக்கிறது. அழகான சொல்! அந்தச் சொல்லுக்கு அடியிலே, அடித்துத் திருத்திய இன்னொரு சொல் புதைந்து கிடக்கிறது. அவனுடைய பாட்டனின் தந்தைக்கு அரசாங்கம் இட்ட பெயர் அது: 'குற்றப் பரம்பரை'. அந்தப் பெயரை இட்ட சட்டம் இந்த மாநிலத்திலே 1947இல் செத்தது. சட்டம் செத்தது, கண்கள் சாகவில்லை. எப்படி? அதைக் கேட்கவே இந்தக் கட்டுரை.

கேள்வி மாறிய கதை

சட்டம் என்பது என்ன? "இதைச் செய்யாதே" என்று சமுதாயம் போட்டுக்கொள்ளும் வேலி. வேலியைத் தாண்டியவன் குற்றவாளி. தாண்டும் வரையில் அவன் குற்றமற்றவன். 1860ஆம் ஆண்டு வெள்ளை ஆட்சி இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம், எழுத்தளவிலேனும், இந்த இலக்கணத்தைத்தான் கொண்டிருந்தது. திருட்டு இன்னது, கொள்ளை இன்னது, மோசடி இன்னது என்று செயலை வரையறுத்தது. செய்தவன் எவனாயினும் இன்ன தண்டனை என்றது. அது கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீ என்ன செய்தாய்?"

பதினோரு ஆண்டுகள் கழிந்தன. 1871இல் அதே ஆட்சி வேறொரு சட்டத்தை இயற்றியது. அது கேட்ட கேள்வி வேறு: "நீ யாருக்குப் பிறந்தாய்?"

குற்றப் பரம்பரைச் சட்டம் என்று நம் மக்கள் அழைக்கும் 1871ஆம் ஆண்டின் 27ஆவது சட்டம் அதுதான். அதன் இலக்கணம் மிக எளிது. ஒரு குலமோ, கூட்டமோ, வகுப்போ, பிணையில் விட முடியாத குற்றங்களை வாடிக்கையாகச் செய்யும் பழக்கத்துக்கு ஆட்பட்டது என்று மாகாண அரசாங்கம் நம்பக் காரணம் இருக்க வேண்டும். காரணம் இருந்தால் போதும், சான்று தேவையில்லை! கவர்னர் ஜெனரலின் இசைவைப் பெற்று, அரசிதழிலே ஓர் அறிவிக்கை வெளியிட்டுவிட்டால், மறுநாள் முதல் அந்தக் குலம் முழுவதும், ஆணும் பெண்ணும், 'குற்றப் பரம்பரை'.

"ஐயா, நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லவே" என்று முறையிட நீதிமன்றம் இருந்ததா? இல்லை. அரசாங்கத்தின் அறிவிக்கை செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கலாகாது என்று சட்டமே வாசலை அடைத்துவிட்டது. அறிவிக்கையே முடிந்த சான்று. அதற்கு மேல் வழக்குமில்லை, வாதமுமில்லை. கொலை செய்தவனுக்குக்கூடக் கூண்டிலே நின்று, "நான் செய்யவில்லை" என்று சொல்ல உரிமை உண்டு. தொட்டிலிலே கிடக்கும் குழந்தைக்கு அந்த உரிமை இல்லை!

அதே சட்டத்தின் இரண்டாம் பகுதியைப் பலர் அறியார். இன்று நாம் திருநங்கையர் என்று மதிப்போடு அழைக்கும் மக்களை, அச்சட்டம் 'அலிகள்' என்ற பெயரில் பதிவேட்டில் ஏற்றியது. பதிவு பெற்ற ஒருவர் பெண் உடை உடுத்தித் தெருவிலே நடந்தால், பொது இடத்திலே ஆடினால், பாடினால், வாரண்டு இன்றிப் பிடிக்கலாம். இரண்டாண்டு வரை சிறையிலே தள்ளலாம். உயில் எழுத முடியாது. பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. சேலை உடுத்தியது குற்றம்! எவருடைய பொருள் களவு போயிற்று? எவருடைய உயிருக்கு ஊறு வந்தது? சட்டம் அதைக் கேட்கவே இல்லை.

வெள்ளையன் எழுதிய மனு

இந்த எண்ணம் துரைமார்களுக்கு எங்கிருந்து வந்தது?

அவர்களுடைய சொந்த நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி இருந்தது. இங்கிலாந்திலே, 'எகிப்தியர்' என்று அழைக்கப்பட்ட நாடோடி மக்களுக்கு எதிராக 1530இல் ஒரு சட்டம், 1554இல் அதைவிடக் கொடிய சட்டம். நாட்டை விட்டுப் போகாமல் நாடோடியாகவே வாழ்ந்தால் மரணதண்டனை! களவுக்கு அல்ல, கொலைக்கு அல்ல, அந்த மக்களாக இருந்ததற்கே தூக்கு. அந்த வரிசைச் சட்டங்களைத் துடைத்தெறிய 1783 ஆயிற்று. அமெரிக்காவிலும் 1865இல் அடிமைத்தளை அறுந்ததும், மிசிசிப்பி மாநிலம் புதிய வலை ஒன்றைப் பின்னியது. விடுதலை பெற்ற நீக்ரோ, தனக்கு வேலை இருக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும். இல்லையேல் அவன் 'வேலையற்றுத் திரிபவன்'. அபராதம் விதிக்கப்படும், கட்ட முடியாதவனைக் கூலிக்கு ஏலம் விடுவார்கள். நேற்று அடிமை, இன்று குற்றவாளி. வயல் அதே வயல், முதலாளியும் பெரும்பாலும் அதே முதலாளி.

ஆனால் இந்தியாவிலே வெள்ளையனுக்கு வேறொரு துணையும் கிடைத்தது. அதுதான் சாதி. இந்த நாட்டிலே தச்சன் மகன் தச்சன், நெசவாளன் மகன் நெசவாளன் என்று தொழில் பிறப்பால் வருகிறது. அப்படியானால் திருடன் மகன் திருடனாகத்தானே இருப்பான்? சட்டத்தை ஆதரித்தவர்கள் வைத்த வாதத்தின் சாரம் இதுவே. நம்மவர் கட்டி வைத்த பொய்யை, வந்தவன் விஞ்ஞானம் என்று ஏற்றுக்கொண்டான்!

மனுவின் நூலைப் புரட்டிப் பாருங்கள். வசைமொழி என்ற ஒரே குற்றத்துக்கு, பேசியவன் பிறப்பையும் பேசப்பட்டவன் பிறப்பையும் பார்த்தே தண்டனை. பார்ப்பனன் சூத்திரனை ஏசினால் பன்னிரண்டு பணம் அபராதம். சூத்திரன் இருபிறப்பாளனை ஏசினால் நாக்கறுப்பு. செயல் ஒன்று, செய்தவன் பிறப்பால் அது இரண்டாகிறது. மனு பிறப்பைக் கொண்டு தண்டனையை அளந்தான். வெள்ளையன் ஒருபடி மேலே போனான், பிறப்பையே குற்றமாக்கினான். இருவரும் சந்தித்த இடத்திலே இலட்சக்கணக்கான மக்கள் நசுங்கினார்கள்.

காவலன் கள்வனான விந்தை

"நெருப்பில்லாமல் புகையுமா? அந்தக் குலங்களிலே களவு செய்தவர்கள் இல்லவே இல்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பகுத்தறிவாளன் கேள்விக்கு அஞ்சலாகாது. இருந்தார்கள். எந்தக் குலத்திலே இல்லை? ஆனால், ஏன் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேட்டால்தான் அது வரலாறு.

குறவர் பெருமக்களைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து உப்பை வாங்கி, எருதின் மீதும் கழுதையின் மீதும் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று தானியத்துக்கு மாற்றிய வணிகர்கள் அவர்களிலே பலர். சாலையில்லாத ஊருக்கும் உப்பு போய்ச் சேர்ந்தது அவர்கள் கால்களாலே. வெள்ளை ஆட்சி உப்பை ஏகபோகமாக்கியது, இரயில் வந்தது, மூட்டை மூட்டையாக உப்பு இரும்புப் பாதையிலே ஓடியது. எருது நின்றது, அடுப்பு அணைந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. மூங்கில் வெட்டுவதும், விறகு பொறுக்குவதும், மாடு மேய்ப்பதும், நேற்று வரை பிழைப்பு, இன்று குற்றம். வணிகம் போயிற்று, காடும் போயிற்று. ஊர் ஊராகத் திரிந்து பிழைத்தவனைப் பார்த்து, "நிலையான இருப்பிடம் இல்லாதவன், ஐயத்துக்குரியவன்" என்றான் துரை.

மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிரமலைக் கள்ளரின் கதை இன்னும் விந்தையானது. அவர்களிலே பலரின் தொழிலே காவல். ஊர்களையும் வழிகளையும் காப்பார்கள். பொருள் களவு போனால் மீட்டுத் தருவார்கள் அல்லது ஈடு செய்வார்கள். அதற்குக் காவற்கூலி பெறுவார்கள். அந்த முறையிலே அடாவடியும் இருந்தது. கூலி தராதவனின் மாடு காணாமற் போவதும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது அந்நாளைய ஆட்சி முறையின் ஓர் உறுப்பு. வெள்ளை ஆட்சி 1859இல் சென்னை மாகாணத்துக்குப் புதிய போலீஸ் சட்டத்தைக் கொண்டுவந்து, காவல் என்பது தன் உரிமை மட்டுமே என்றது. பழைய காவற்காரனுக்கு வேறு தொழில் தந்ததா? இல்லை. வானம் பார்த்த பூமியும் வறண்ட கிணறுமே அவனுக்கு மிச்சம். காவற்கூலி 'மிரட்டிப் பறித்த பணம்' என்று பெயர் மாறிற்று, காவலன் கள்வனானான். போதாக்குறைக்கு, 'கள்ளர்' என்ற குலப்பெயரையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக எழுதி வைத்தார்கள் வெள்ளை ஆசிரியர்கள். ஒருவன் பெயரே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன வழக்கு வேறு எங்கேனும் உண்டா?

களவு நடந்தால் பிடிக்க 1860ஆம் ஆண்டுச் சட்டம் இருந்ததே, புதிய சட்டம் எதற்கு? பழைய சட்டத்துக்குச் சான்று வேண்டும், சாட்சி வேண்டும், துப்புத் துலக்க வேண்டும், நீதிபதி நம்ப வேண்டும். புதிய சட்டத்துக்கு இவை எதுவும் வேண்டா. பட்டியல் ஒன்று போதும். குற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாத அரசாங்கம், குற்றவாளியை உண்டாக்கிக்கொண்டது!

ரேகைச் சட்டம்

முதலில் வட இந்தியாவிலே நடப்புக்கு வந்த சட்டம், 1911ஆம் ஆண்டின் திருத்திய வடிவத்திலே சென்னை மாகாணத்தையும் தழுவியது. 1924இல் மறுபடியும் தொகுத்து இறுக்கப்பட்டது. பிரமலைக் கள்ளர், ஆப்பநாட்டு மறவர், குறவரிலே பல பிரிவினர், ஒட்டர், வலையர் எனத் தமிழகத்திலே பட்டியல் நீண்டது.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் புதிய ஆயுதம் கைரேகை. பதிவேட்டிலே பெயர் ஏறியவன் பத்து விரல்களையும் மையிலே தோய்த்துக் கொடுக்க வேண்டும். அதனால்தான் மதுரைப் பக்கத்து மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள்.

இங்கே ஒரு கணம் நிற்போம். கைரேகை என்ன கலை? ஒரு மனிதனின் ரேகை இன்னொருவனுக்கு இராது என்ற உண்மையின் மேல் எழுந்த கலை. உலகின் முதற் கைரேகை நிலையம் 1897இல் கல்கத்தாவிலே தொடங்கியது. அதன் முறையை வகுத்ததில் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியரின் அறிவு உண்டு. ஒவ்வொரு மனிதனும் தனி மனிதன் என்று விஞ்ஞானம் மெய்ப்பித்தது. அந்த விஞ்ஞானத்தையே எடுத்து, "நீங்கள் அனைவரும் ஒருவனே, அந்த ஒருவன் திருடன்" என்று சொல்லப் பயன்படுத்தினார்கள்! கருவி பழுதன்று, கருவியைப் பிடித்த கருத்தே பழுது.

ரேகை வைத்தபின் வாழ்க்கை எப்படி? குறித்த நேரத்திலே போலீஸ் நிலையத்திலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும். பல ஊர்களிலே ஆண்கள் இரவெல்லாம் அங்கேயே படுத்துறங்க வேண்டும். அயலூர் போக வேண்டுமானால் 'ராதாரிச் சீட்டு' வேண்டும். சந்தைக்குச் சீட்டு, திருமணத்துக்குச் சீட்டு, சாவுக்குச் சீட்டு. மணமான அன்றிரவே மாப்பிள்ளை சாவடிக்குப் படுக்கப் போன கதைகளை அந்த வட்டாரத்திலே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்தச் சட்டத்தின் நச்சுவேர் இங்கேதான் இருக்கிறது. தாய்க்கு உடல்நலமில்லை என்று கேட்டு, சீட்டு வாங்க நேரமின்றி அயலூருக்கு ஓடினான் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் திருடினானா? இல்லை, ஆனால் விதியை மீறினான். பிடிபட்டால் சிறை, மறுமுறை மீறினால் கூடுதல் சிறை. அவன் பெயருக்கு எதிரே 'தண்டனை பெற்றவன்' என்று எழுதப்படுகிறது. ஆண்டிறுதியிலே அரசாங்கம் கணக்கெடுக்கிறது: "இந்தக் குலத்திலே இத்தனை பேர் தண்டனை பெற்றார்கள், பார்த்தீர்களா, இது குற்றப் பரம்பரைதான்!" மற்றவனுக்கு நடப்பது உரிமை, இவனுக்கு நடப்பது குற்றம். மற்றவனுக்குத் தூக்கம் ஓய்வு, இவன் சொந்தத் திண்ணையிலே தூங்கினால் குற்றம். சட்டம் விதியைப் பெற்றது. விதி மீறலைப் பெற்றது. மீறல் கணக்கைப் பெற்றது. கணக்கு மீண்டும் சட்டத்துக்கே சான்றாயிற்று. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு!

பதிவு பெற்றவன் ஒருவன் திருடவிருந்தான் என்று நீதிமன்றம் கருதத்தக்க சூழ்நிலையிலே காணப்பட்டாலே மூன்றாண்டு வரை சிறை. அட்டவணையிற் கண்ட குற்றங்களுக்கு, இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையெனில் ஆயுள் முழுவதும் நாடுகடத்தல். அதே குற்றம், அதே பொருள், ஆனால் பட்டியலில் இல்லாதவனுக்கு அந்தக் கடுமை இல்லை.

பெருங்காமநல்லூர்

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூருக்குப் போலீஸ் படை வந்தது, பத்து விரல்களின் ரேகையைப் பெற.

ஊர் மக்கள் மறுத்தார்கள். "நாங்கள் உழுது பிழைப்பவர்கள், எங்கள் விரலை எதற்காக மையிலே தோய்க்க வேண்டும்?" என்பதே அவர்கள் மறுப்பின் பொருள். பேச்சு முற்றியது, மக்கள் திரண்டார்கள், துப்பாக்கி பேசியது. 16 பேர் மாண்டனர். மாண்டவர்களிலே ஒருத்தி மாயக்காள் என்னும் பெண். குண்டடிபட்டுத் துடித்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவள் என்று மக்கள் நினைவு அவளைப் போற்றுகிறது.

ஜாலியன்வாலாபாக் நடந்து அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. அமிர்தசரசின் பெயர் உலகமெங்கும் ஒலித்தது. பாடநூல்களிலே இடம் பெற்றது. பெருங்காமநல்லூரின் பெயரை நம் மாணவர்களிலே எத்தனை பேர் அறிவர்? கல்லூரியிலே பட்டம் பெற்று வெளிவரும் வரை நானே அறிந்தேனில்லை. ஏனெனில், செத்தவர்கள் 'குற்றப் பரம்பரை'! குற்றவாளி என்று முன்கூட்டியே பெயரிட்டுவிட்டால், அவன் உயிரைப் பறிப்பதும் செய்தியாவதில்லை. சட்டத்தின் வரையறை உயிரின் விலையையும் குறைத்துவிடுகிறது.

சீர்திருத்தம் என்ற சிறை

"நாங்கள் அவர்களைத் திருத்தவே முனைந்தோம்" என்றது வெள்ளை ஆட்சி. குடியிருப்புகள் அமைத்தது. சென்னை மாகாணத்துத் தெலுங்குப் பகுதியில் 1913இல் தோன்றிய ஸ்டூவர்ட்புரம் அவற்றிலே பேர் பெற்றது. நடத்தியவர் இரட்சணிய சேனையார். தென்னார்க்காட்டிலே அசீஸ் நகர். வேலி, வருகைப் பதிவு, பிரார்த்தனை, வேலை. ஸ்டூவர்ட்புரத்து மக்கள் சீராலைப் புகையிலைத் தொழிற்சாலைக்குக் கூலிகளானார்கள். ஓடிப்போக முடியாத கூலி. உயர்வு கேட்க முடியாத கூலி. முதலாளிக்கு இதனினும் இனிய சீர்திருத்தம் வேறு உண்டோ?

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியிலே அடைக்கவும் சட்டம் இடம் தந்தது. தாயின் பால் வழியே குற்றம் இறங்குகிறது என்று நம்பினார்கள் போலும்!

நன்மை ஒன்றும் விளையவில்லை என்று சொல்ல மாட்டேன். கள்ளர் சீரமைப்பின் பெயரால் மதுரை வட்டாரத்திலே திறந்த பள்ளிகள் பின்னர் பல்கிப் பெருகின. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களிலே ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தன. ஆசிரியன் என்ற முறையிலே அதை மறக்க மாட்டேன். ஆனால், பள்ளி வேண்டும் என்பதற்காகச் சங்கிலியும் வேண்டுமா? எழுத்தறிவிக்க ரேகை எதற்கு? சோறு போட்டவன் கையிலே சவுக்கு எதற்கு?

சட்டம் செத்தபின்

எதிர்ப்பு ஓயவில்லை. மதுரையிலே வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், கேரளத்திலே பிறந்தவர், கிறித்தவர், இந்த மக்களுக்காக நீதிமன்றம் ஏறி இறங்கினார். 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் முதலியோரும் சட்டத்தை எதிர்த்து முழங்கினார்கள். 1947இல் சென்னை மாகாணம் அதை நீக்கியது. 1952 ஆகஸ்ட் 31 அன்று இந்தியா முழுவதும் நீங்கியது.

நீங்கியதா? சென்னை மாகாணம் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. பிற மாநிலங்களும் அதுபோல் இயற்றின. இந்தப் புதிய சட்டங்கள் குலத்தைப் பேசவில்லை. தண்டனை பெற்ற தனி மனிதனைப் பேசின. நல்ல மாற்றமே. ஆனால், தண்டனைக் கணக்கை முன்னமே சுமந்து நின்றவர்கள் யார்? பழைய பதிவேட்டுக்காரர்களே! பாம்பு சட்டையை உரித்தது. பல் அப்படியே இருந்தது. 2007இலே ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, இத்தகைய சட்டங்களை நீக்குமாறு இந்தியாவைக் கேட்டுக்கொண்டது.

சட்டத்தைக் காட்டிலும் கொடியது பழக்கம். 1998இல் மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்திலே, கேரியா சபர் குலத்துப் புதன் சபர் என்ற ஏழை போலீஸ் காவலிலே மாண்டார். சட்டம் நீங்கி நாற்பத்தாறு ஆண்டு கழிந்த பின்! எழுத்தாளர் மகாசுவேதா தேவி வழக்காடியிராவிட்டால், அந்தச் சாவும் ஒரு கோப்பிலே புதைந்திருக்கும்.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சிறைக் கையேடுகளிலே சாதி பார்த்து வேலை பிரித்த விதிகள் செல்லா என்றது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் போக்கையும் கண்டித்தது. விடுதலை பெற்று எழுபத்தேழு ஆண்டுகளாகியும், சிறைச்சாலையின் ஏட்டிலே அந்தப் பார்வை உயிரோடிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இன்னொரு செய்தியையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பட்டியலிலே நசுங்கியவர்களின் நினைவைச் சிலர் இன்று சாதிப் பெருமைக்குக் கொடிமரமாக்குகிறார்கள். பெருங்காமநல்லூரிலே சிந்திய இரத்தம், "பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்காதே" என்பதற்காகச் சிந்திய இரத்தம். அதே ஊர்ப்பக்கத்திலே சேரி மகனைப் பிறப்பைக் கொண்டு அளக்கிறவன், மாண்ட பதினாறு பேரையும் மறுபடி சுடுகிறான்! வெள்ளையனின் பட்டியல் தவறென்றால், சாதியின் பட்டியலும் தவறே. ஒன்றை எரித்து மற்றொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் பகுத்தறிவு இடந்தராது.

நாம் செய்ய வேண்டியது

இளைஞர்களே! சட்டம் குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறது என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். வரலாறு வேறொன்றும் சொல்கிறது: சில வேளைகளிலே சட்டம் குற்றவாளியை உண்டாக்குகிறது. ஆகவே, எந்தச் சட்டம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். இது செயலைத் தண்டிக்கிறதா, ஆளைத் தண்டிக்கிறதா? சாட்டப்பட்டவன் "நான் செய்யவில்லை" என்று சொல்ல இடமிருக்கிறதா? இதை மீறாமல் ஓர் ஏழை வாழ முடியுமா? இந்த மூன்றிலே ஒன்றிலேனும் தவறும் சட்டத்தை, அது எவர் கையொப்பத்தோடு வந்தாலும், நம்பாதீர்கள்.

உங்கள் ஊரிலே களவு நடந்தால் போலீசார் எந்தத் தெருவுக்கு முதலிலே போகிறார்கள் என்று பாருங்கள். ஏன் என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். சட்டம் படித்த தோழர் ஒருவரை அழைத்துச் சென்று கேளுங்கள்.

நான் என்ன செய்தேன்? மறுநாள் வகுப்பிலே பேனாவைப் பற்றிப் பேசினேன். "நேற்று நான் தவறு செய்தேன், ஒரு காரணமுமின்றி உங்களில் ஒருவனைப் பார்த்தேன், மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். பெயர் சொல்லவில்லை. பிறகு கரும்பலகையிலே 1871 என்று எழுதினேன், அதன் அடியிலே 1920, அதன் அடியிலே 1952. இந்தக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

மணியடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். சன்னலோரத்துச் சிறுவன் மட்டும் மேசையருகே வந்து நின்றான். ஏதோ சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "ஐயா, அந்த ஊர் எங்க ஊர்லேருந்து கிட்டத்தான்" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

மீண்டும் ஒரு நாள் அந்த வகுப்பிலே ஏதேனும் காணாமற் போகும். அன்று அந்தத் தலைகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதே நான் நடத்திய பாடத்துக்குத் தேர்வு. தேர்வு எழுத வேண்டியவர் பிள்ளைகள் மட்டுமல்லர், நானுந்தான், நீங்களுந்தான்.